இ, அ, எ தெரிந்தால் பழைய ஆங்கிலம் பாதி புரியும்

பழைய ஆங்கில நூல்களில் மிரட்டும் பல சொற்களுக்குச் சாவி நம் இ, அ, எ எழுத்துகளிலேயே இருக்கிறது. 'ஹியர்', 'தேர்', 'வேர்' மூன்றையும் அவற்றுக்கு நேராக வையுங்கள். ஹிதர், திதர், விதர் என்றால் இங்கே, அங்கே, எங்கே என்று போகும் திசை. ஹென்ஸ், தென்ஸ், வென்ஸ் என்றால் இங்கிருந்து, அங்கிருந்து, எங்கிருந்து. பத்திரங்களில் வரும் 'ஹியர்பை', 'தேரின்', 'தேராஃப்' போன்றவற்றை இரண்டாக வெட்டி, பின்பாதியை வேற்றுமை உருபாகப் படித்தால் இதனால், அதில், அதன் என்று வந்துவிடும். பலர் வழுக்குவது 'வேர்ஃபோர்' என்ற சொல்லில். எங்கே என்று படித்துவிடுகிறார்கள். உருபைச் சேர்த்துப் பாருங்கள்: எதற்காக.

வேதாகமத்தில் கடவுளை அழைக்க வருவதால் 'தௌ' மரியாதைச் சொல்லாகத் தோன்றும். உண்மையில் அது 'நீ'. (நாமும் கடவுளை நீ என்றுதானே பாடுகிறோம்.) பன்மையும் மரியாதையும் 'யூ' பக்கம். பழைய நாடகத்தில் ஒருவர் யூ-விலிருந்து தௌ-வுக்கு இறங்கினால், அது நெருக்கமா ஏளனமா என்று கவனியுங்கள். 'மீதிங்க்ஸ்' என்பதிலுள்ள 'மீ' எனக்கு. ஆக, எனக்குத் தோன்றுகிறது.

இவையெல்லாம் புதிதாக இருப்பதால் அகராதியைப் புரட்டுவோம். தெரிந்த சொல்லை யாரும் தேடுவதில்லை, சறுக்கல் அங்கேதான். 1611-இல் அச்சான ஆங்கில வேதாகமத்தில் 'மீட்' பொதுவாக உணவைக் குறிக்கும். 'மீட் ஆஃபரிங்' மாவும் எண்ணெயும் படைப்பது, அதில் இறைச்சியே கிடையாது. அங்கே 'பிரசன்ட்லி' என்றால் உடனே, 'லெட்' சில இடங்களில் தடுப்பது, 'வான்ட்' குறைவுபடுவது. 19ஆம் நூற்றாண்டு நாவலில் வரவேற்பறையில் ஒருவர் 'மேக் லவ்' செய்தால், காதல்மொழி பேசுகிறார், அவ்வளவுதான்.

வாக்கியம் இடறினால் அதிலுள்ள மிக எளிய சொல்லை முதலில் சந்தேகியுங்கள். மாணவர் அகராதிகள் பழம்பொருளைப் பெரும்பாலும் விட்டுவிடும். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதி பொருள்களைக் காலவரிசையில், ஆண்டிட்ட மேற்கோள்களோடு தருகிறது. உங்கள் நூலின் ஆண்டு எந்தப் பொருளின் மேற்கோள்களுக்கு நடுவே விழுகிறது என்று பாருங்கள். 'ஆப்சொலீட்' என்ற குறி, வழக்கொழிந்தது என்பதற்கு. 'ஆர்கெயிக்' என்றால் பழமை மணத்துக்காக இன்றும் எடுத்தாளப்படுவது.

வணிகக் கடிதங்களில் 'இன்ஸ்ட்.' என்றால் கடிதம் எழுதிய அதே மாதம், 'அல்ட்.' முந்தைய மாதம், 'ப்ராக்ஸ்.' அடுத்த மாதம். 1890 ஜனவரி 3 தேதியிட்ட கடிதத்தில் '28 அல்ட்.' என்றிருந்தால் அது 1889 டிசம்பர் 28. மாதத்தை மாற்றிவிட்டு ஆண்டை மாற்ற மறப்பது வழக்கமான பிழை.

பழைய பாணிப் பெயர்ப்பலகையில் 'யீ ஓல்ட்' என்றிருந்தால் அந்த 'யீ' வெறும் 'தி'. வழக்கிழந்த ஓர் எழுத்துக்குப் பதிலாக அச்சுக்கோப்பவர்கள் ஒய் போட்டதால் வந்த வினை. வாசிக்கும்போதும் 'தி' என்றே வாசியுங்கள். 'நீங்கள்' என்ற பொருளில் வரும் 'யீ' வேறு.