கூடைப்பந்து உலகக் கோப்பையை இணையத்தில் பார்க்க: சந்தா கட்டும் முன்னும் கட்டிய பிறகும்

ஆடவர் கூடைப்பந்து உலகக் கோப்பை 2027 ஆகஸ்ட் 27 முதல் செப்டம்பர் 12 வரை கத்தாரின் தோஹாவில் நடக்கிறது. 32 அணிகள், 92 ஆட்டங்கள், 17 நாள். அதற்கு முன்பே, 2026 செப்டம்பர் 4 முதல் 13 வரை பெர்லினில் மகளிர் உலகக் கோப்பை, 16 அணிகளோடு. இந்த இரண்டையும் முதல் ஆட்டத்திலிருந்து பார்க்க நினைப்பவர் கடைசி நேரத்தில் அவசரமாகக் கார்டை எடுத்து நீட்டினால் காசும் போகும், ஆட்டமும் போகும். தொடர் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே செய்துவிட வேண்டிய வேலைகள் இவை.

உங்கள் நாட்டில் உரிமை யாரிடம்?

எல்லாவற்றுக்கும் முந்தின கேள்வி இதுதான். சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபிபாவுக்கு ‘கோர்ட்சைடு 1891’ என்று சொந்தமாக ஒரு நேரலைத் தளம் இருக்கிறது. ஜேம்ஸ் நெய்ஸ்மித் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் இந்த ஆட்டத்தை உருவாக்கிய ஆண்டுதான் அந்த 1891. சொந்தத் தளம் என்பதால் எல்லா ஆட்டமும் எல்லா நாட்டிலும் அதில் தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள். ஃபிபா ஒளிபரப்பு உரிமையை நாடு வாரியாக விற்கிறது. ஒரு நாட்டில் ஏதாவது ஒரு நிறுவனம் தனி உரிமை வாங்கிவிட்டால், அந்த ஆட்டங்கள் அந்த நாட்டில் ஃபிபாவின் தளத்திலேயே அடைபட்டுவிடும். சந்தா கட்டியவருக்கும் அதே கதிதான். ஆட்டத்தின் படத்தைத் தட்டினால், உங்கள் பகுதியில் கிடைக்காது என்ற ஒற்றை வரிதான் வரும்.

2023 உலகக் கோப்பையையே பாருங்கள். ஜெர்மனியில் மெஜெண்டாஸ்போர்ட் தளம் ஆட்டங்களை இலவசமாகவே காட்டியது. ஜெர்மனி இறுதிக்குப் போனதும் பொதுத் தொலைக்காட்சியான ஜெட்டிஎஃப் உள்ளே வந்தது. செர்பியாவை 83-77 என்று ஜெர்மனி வென்ற அந்த ஆட்டத்தை அந்த நாட்டு மக்கள் ஒரு காசும் கட்டாமல் பார்த்தார்கள். அமெரிக்காவில் அதே தொடரைப் பார்க்க இஎஸ்பிஎன் பக்கம் போக வேண்டியிருந்தது. கோப்பை ஒன்றுதான், வாசல் நாட்டுக்கு நாடு வேறு. சென்னையில் இருப்பவர், யாழ்ப்பாணத்தில் இருப்பவர், துபாயில் வேலை பார்ப்பவர், சிங்கப்பூரில் படிப்பவர் ஆகிய நான்கு பேருக்கும் ஒரே பதில் இருக்காது.

பதிலைத் தேட வேண்டிய இடம் ஃபிபாவின் அதிகாரபூர்வத் தளம். தொடருக்கென்று இருக்கும் பக்கத்தில் எந்த நாட்டில் எங்கே பார்க்கலாம் என்ற பட்டியலை வெளியிடுவார்கள். அதில் உங்கள் நாட்டின் பெயரைக் கண்டுபிடித்து, எதிரே இருக்கும் நிறுவனத்தின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த நிறுவனத்தின் செயலியைத் திறந்து இரண்டு விஷயம் பார்க்க வேண்டும்: எல்லா ஆட்டங்களும் உண்டா, தேர்ந்தெடுத்த சில மட்டுமா? நேரலையா, பிறகு போடும் பதிவா? டிவி சேனல்கள் உரிமை வாங்கினாலும் ஒரே நேரத்தில் நடக்கும் இரண்டு ஆட்டங்களில் ஒன்றைத்தான் காட்ட முடியும். குழுச் சுற்றில் எட்டுக் குழு, குழுவுக்கு ஆறு ஆட்டம், ஆக 48 ஆட்டங்கள். ஆட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுவது இந்தச் சுற்றில்தான். ஆகவே அந்த நிறுவனத்தின் செயலியில் எத்தனை ஆட்டம் வருகிறது என்பதுதான் முக்கியம்.

உங்கள் நாட்டில் யாரும் தனி உரிமை வாங்காவிட்டால் அது ஒரு வகையில் அதிர்ஷ்டம். கோர்ட்சைடு 1891 முழுதாகத் திறந்திருக்க வாய்ப்பு அதிகம். ஃபிபாவின் யூடியூப் சேனலையும் விட்டுவிடாதீர்கள். இளையோர் தொடர்கள், தகுதிச் சுற்றுகள் எனப் பல ஆட்டங்களை அங்கே இலவச நேரலையாகவே போடுகிறார்கள். அங்கும் நாடு வாரித் தடை உண்டு. ஆனால் தேடிப் பார்க்கக் காசு செலவில்லை.

ஒரு எச்சரிக்கை. பெரிய ஆட்டம் நெருங்கும்போது ‘இலவச நேரலை’ என்று ஃபேஸ்புக்கில் இணைப்புகள் குவியும். தட்டினால் கணக்குத் தொடங்கச் சொல்லும், அடுத்து ‘சரிபார்க்க மட்டும்’ என்று கார்டு எண் கேட்கும். ஆட்டம் வராது, கார்டிலிருந்து பணம் போகும். ஃபிபாவின் இணைய முகவரி ‘டாட் பாஸ்கெட்பால்’ என்று முடியும். கார்டு எண்ணைத் தட்டுவதற்கு முன் முகவரிப் பட்டையை ஒருமுறை எழுத்தெழுத்தாகப் படித்துவிடுங்கள்.

மாதமா, வருடமா?

கணக்கு எளிது. உலகக் கோப்பை 17 நாளில் முடிகிறது. ஆகஸ்ட் 26 அன்று மாதச் சந்தா கட்டினால் இறுதி ஆட்டம் முடிந்த பிறகும் கிட்டத்தட்ட இரண்டு வாரம் மிச்சம் இருக்கும். தவறவிட்ட ஆட்டங்களைப் பார்த்து முடிக்க அது போதும். ஒரு மாதம் முன்பே ஆர்வத்தில் கட்டிவிட்டால் முதல் ஆட்டம் வரும்போதே சந்தா தீர்ந்துபோய் இரண்டாம் மாதத்துக்கும் பணம் போகும்.

வருடச் சந்தா யாருக்குச் சரி? தகுதிச் சுற்றுகளையும் தொடர்பவர்களுக்கு. 2027 உலகக் கோப்பைக்கான தகுதி ஆட்டங்கள் 2025 நவம்பரில் தொடங்கி 2027 மார்ச் தொடக்கம் வரை ஆறு கட்டங்களாக வைக்கப்பட்டவை. ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா, அமெரிக்கக் கண்டங்கள் என்று நான்கு பக்கமும் ஒரே வாரத்தில் நடக்கும். அதை ரசிப்பவருக்கு வருடச் சந்தா லாபம். கோப்பையை மட்டும் பார்க்க நினைப்பவருக்கு அது தேவையில்லாத செலவு என்பதே எங்கள் கருத்து. ‘மாதம் இவ்வளவுதான்’ என்று பெரிதாகப் போட்டு, வருடத் தொகையை மொத்தமாக எடுக்கும் திட்டங்களும் உண்டு. கடைசிப் பக்கத்தில் ‘இன்று கட்ட வேண்டிய தொகை’ என்று இருக்கும் எண்ணை மட்டும் நம்புங்கள்.

பணம் கட்டும்போது எங்கே மாட்டும்

இந்தியாவிலிருந்து கட்டுபவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. பல கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அடைத்தே கொடுக்கப்படுகிறது. ரிசர்வ் வங்கி 2020-இல் கொண்டுவந்த ஏற்பாடு அது. வங்கியின் செயலியில் கார்டு பகுதிக்குப் போய் ‘இன்டர்நேஷனல்’, ‘ஆன்லைன்’ என்ற இரண்டு பொத்தான்களையும் திறந்துவிட்டு, வரம்பைச் சந்தாத் தொகைக்குச் சற்று மேலே வையுங்கள். கட்டி முடித்ததும் திரும்ப அடைத்துவிடலாம்.

டாலரிலோ யூரோவிலோ விலை இருந்தால் திரையில் தெரிவதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் போகும். வங்கி அந்நிய நாணய மாற்றுக்கு 3.5 சதவீதம் எடுப்பதாக வைத்துக்கொண்டால், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்து மொத்தம் 4.13 சதவீதம். ரூபாய்க் கணக்கில் விலை ஆயிரம் என்றால் நாற்பத்தொரு ரூபாய் கூடுதல்.

கார்டு தொல்லை வேண்டாம் என்றால், அந்தத் தளத்தின் செயலி வழியாகக் கூகுள் பிளேயிலோ ஆப்பிள் ஆப் ஸ்டோரிலோ சந்தா எடுக்கலாம். அங்கே இந்தியக் கணக்குக்கு ரூபாயில் விலை வரும், யுபிஐயிலும் கட்டலாம். இரண்டு இடத்திலும் விலை ஒன்றாகத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. கட்டும் முன் பிரவுசரில் ஒரு பார்வை, செயலியில் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

எங்கே வாங்கினீர்களோ அங்கேதான் ரத்து செய்ய முடியும். இதை மறந்தவர்கள்தான் ‘ரத்து பொத்தானே இல்லை’ என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். கூகுள் பிளேயில் எடுத்த சந்தாவை அந்தத் தளத்தின் கணக்குப் பக்கத்தில் நிறுத்த முடியாது. பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தட்டி, ‘பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’ போய், அங்கே நிறுத்த வேண்டும். செயலியை அழித்துவிட்டால் சந்தா நின்றுவிடாது. பணம் போய்க்கொண்டேதான் இருக்கும். ஆப்பிளில் புதுப்பிக்கும் நேரத்துக்கு 24 மணி நேரம் முன்பாவது ரத்து செய்துவிட வேண்டும்.

சந்தா கட்டிய அன்றே தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்திவிடுவது நல்ல வழக்கம். பொதுவாக, நிறுத்தினாலும் கட்டிய காலம் முடியும் வரை பார்க்கலாம். இலவசச் சோதனைக் காலத்தில் மட்டும் கவனம் வேண்டும்: சில இடங்களில் ரத்து செய்த நொடியே சோதனையும் முடிந்துவிடும். இந்தியக் கார்டில் தானாகப் பணம் எடுக்க ஒப்புதல் கொடுத்திருந்தால், எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பாக உங்களுக்கு அறிவிப்பு வர வேண்டும் என்பது விதி. அந்த குறுஞ்செய்தியை விளம்பரம் என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள்.

விபிஎன் போடலாமா?

வேண்டாம். உங்கள் இணைப்பை வேறொரு இடத்து சர்வர் வழியாகத் திருப்பிவிடுவதுதான் விபிஎன். அதை வைத்து இன்னொரு நாட்டில் இருப்பதுபோல் காட்டிக்கொண்டு பார்ப்பதை இத்தகைய தளங்களின் விதிமுறைகள் தடை செய்கின்றன. விபிஎன் சர்வர்களின் முகவரிகளை அவர்கள் அடையாளம் கண்டு அடைக்கிறார்கள். ஆட்டத்தின் நடுவே அடைத்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கவும் முடியாது. அலுவலக மடிக்கணினியில் விபிஎன் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். நீங்கள் கோவையில் உட்கார்ந்திருப்பீர்கள், தளம் உங்களை அயர்லாந்தில் இருப்பதாக எடுத்துக்கொள்ளும்.

பயணம் போகிறவர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. சந்தா எந்த நாட்டில் எடுத்தீர்கள் என்பதைவிட, பார்க்கும் நேரத்தில் எங்கே இருக்கிறீர்கள் என்பதைத்தான் தளம் பெரும்பாலும் பார்க்கும். கால் இறுதி வாரத்தில் வெளிநாட்டுப் பயணம் இருந்தால் அந்த நாட்டின் உரிமைப் பட்டியலையும் பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

படம் எப்படி இருக்க வேண்டும்

கூடைப்பந்துக்குப் படத்தின் அளவைவிட ஒரு நொடிக்கு எத்தனை படச் சட்டங்கள் என்பது முக்கியம். நொடிக்கு 25 சட்டங்கள் உள்ள 1080பி ஒளிபரப்பில் வேகப் பாய்ச்சலின்போது பந்து ஒரு கோடாக இழுபடும். 50 சட்டங்கள் உள்ள 720பியில் பந்தின் ஓட்டம் தெளிவாகத் தெரியும். தேர்வு கொடுத்தால் இரண்டாவதை எடுங்கள். ஒரு சோதனை: கூடைப் பலகைக்கு மேலே இருக்கும் 24 நொடிக் கடிகாரத்தின் எண்களைக் கண்ணைச் சுருக்காமல் படிக்க முடிந்தால் படம் போதுமான தரத்தில் வருகிறது என்று பொருள்.

ஆட்ட நேரம் நாற்பது நிமிடம்தான், 10 நிமிடமாக நான்கு கால்பகுதி. ஆனால் டைம் அவுட், இடைவேளை எல்லாம் சேர்ந்து இரண்டு மணி நேரம் ஓடும். 3 எம்பிபிஎஸ் வேகத்தில் அது ஏறக்குறைய 2.7 ஜிபி, 6 எம்பிபிஎஸ் என்றால் 5.4 ஜிபி. தினம் 2 ஜிபி தரும் மொபைல் ரீசார்ஜில் ஒரு ஆட்டம்கூட முடியாது. மூன்றாம் கால்பகுதியில் வேகம் தரைமட்டத்துக்கு இறங்கி, படம் அப்படியே நிற்கும். வீட்டில் ஃபைபர் இணைப்பு இல்லையென்றால் டேட்டா ஆட்-ஆன் போட்டுக்கொள்ளுங்கள், அல்லது செயலியில் தரத்தைக் கையால் குறைத்து வையுங்கள். ‘ஆட்டோ’வில் விட்டால், வேகம் கிடைக்கும்போதெல்லாம் அது உயர்ந்த தரத்துக்குப் போய் டேட்டாவைத் தின்றுவிடும்.

டிவியில் பார்ப்பவர்கள் ஒரு பழைய ஆட்டத்தின் பதிவை முன்கூட்டியே ஓட்டிப் பார்ப்பது அவசியம். உங்கள் ஸ்மார்ட் டிவிக்கு அந்தச் செயலி இல்லாமல் போகலாம். போன் திரையை அப்படியே டிவிக்கு அனுப்பினால் சத்தம் மட்டும் வந்து படம் கறுப்பாக இருக்கலாம். திருட்டுப் பதிவைத் தடுக்கும் பாதுகாப்பு அப்படி அடைக்கிறது. மலிவான ஹெச்டிஎம்ஐ மாற்றிகளிலும் இதே கோளாறு வரும். செயலிக்குள்ளேயே இருக்கும் காஸ்ட் பொத்தானை அழுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதுவும் ஆகவில்லையென்றால் மடிக்கணினியிலிருந்து மாற்றி இல்லாமல் நேரடி ஹெச்டிஎம்ஐ கேபிள் போடுங்கள்.

நேரமும் அறிவிப்புகளும்

தோஹாவைவிட இந்திய, இலங்கை நேரம் இரண்டரை மணி முந்தியது. அங்கே மாலை 6 மணி என்றால் இங்கே இரவு எட்டரை. பெர்லினுக்குச் செப்டம்பரில் மூன்றரை மணி வித்தியாசம். அங்கே இரவு எட்டரை மணி ஆட்டம் நமக்கு நள்ளிரவு 12, அதாவது அடுத்த தேதி. போனில் அலாரம் வைக்கும்போது தவறும் இடம் அதுதான். அட்டவணைப் பக்கம் உங்கள் உள்ளூர் நேரத்தைக் காட்டுகிறதா, அரங்க நேரத்தைக் காட்டுகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இணைய நேரலை, நடப்பதற்கு அரை நிமிடமோ அதற்கு மேலோ பின்தங்கியே வரும். ஸ்கோர் செயலிகள் அதற்கு முன்பே கத்திவிடும். கடைசி பத்து நொடியில் இரண்டு புள்ளி பின்தங்கிய அணி மூன்று புள்ளி எறியத் தயாராகும்போது போன் அதிர்ந்து முடிவைச் சொல்லிவிட்டால் பார்த்ததற்கே பலன் இல்லை. ஆட்டம் முடியும் வரை ஸ்கோர் செயலியையும் வாட்ஸ்அப் குழுவையும் சத்தமில்லாமல் வையுங்கள். மறுநாள் காலை பதிவைப் பார்ப்பவர்கள் தளத்தின் முகப்புப் பக்கத்துக்கே போகாமல், ஆட்டத்தின் இணைப்பை முந்தின நாளே சேமித்து வைத்துக்கொண்டால் ஸ்கோர் கண்ணில் படாமல் நேராக உள்ளே போகலாம்.

ஆட்டம் வராமல் நின்றுவிட்டால் முதலில் வெளியேறித் திரும்ப உள்நுழையுங்கள். ஒரே கணக்கை வீட்டில் இன்னொருவர் திறந்து வைத்திருந்தால், எத்தனை திரை அனுமதி என்ற வரம்பைத் தாண்டியிருக்கலாம். அதுவும் இல்லையென்றால் பிழைச் செய்தியின் எண், நேரம், ஆட்டத்தின் பெயர் மூன்றும் தெரிய ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பணம் கட்டிய ரசீதோடு அன்றைக்கே உதவிப் பிரிவுக்கு அனுப்புங்கள். கூகுள் பிளேயில் கட்டியிருந்தால் 48 மணி நேரத்துக்குள் பிளே வழியாகவே பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். அதன் பிறகு செயலி நடத்துபவரிடம்தான் கேட்க வேண்டியிருக்கும்.