தர்க்கச் சொற்களை உருது வழியாகப் பிடித்த அனுபவம்

வாணியம்பாடியில் உருது பேசும் வீட்டில் வளர்ந்த எனக்கு, கல்லூரித் தர்க்கவியலில் இண்டக்‌ஷன், டிடக்‌ஷன் என்ற இரண்டும் ஓயாமல் இடம் மாறிக்கொண்டிருந்தன. மதரசாக்களில் மன்திக் என்ற பெயரில் கற்பிக்கப்படும் தர்க்கத்தின் சொற்களைப் பாடக்குறிப்பின் ஓரத்தில் எழுதிப் படிக்கத் தொடங்கிய பிறகே சிக்கல் அவிழ்ந்தது.

தனித்தனிச் செய்திகளைத் தேடித் தொடர்ந்து பொதுவிதியை அடைவது இண்டக்‌ஷன்; அதற்கு இஸ்திக்ரா என்று பெயர். பொதுவிதிக்குள் ஏற்கெனவே அடங்கியுள்ளதை வெளியே எடுப்பது டிடக்‌ஷன்; அது இஸ்திக்ராஜ். முடிவுக்கு ஆதாரமாக நிற்கும் கூற்றுகளான மேஜர், மைனர் பிரமிஸ்களுக்குக் குப்ரா, சுக்ரா, அதாவது பெரியது, சிறியது என்றே பெயர். ‘உலோகங்கள் எல்லாம் மின்சாரத்தைக் கடத்தும், செம்பு உலோகம், ஆகவே செம்பு மின்சாரத்தைக் கடத்தும்’ என்பதில், இரு கூற்றுகளிலும் வந்து முடிவில் மறைந்துவிடும் ‘உலோகம்’தான் ஹத்-எ-அவ்சத், அதாவது நடுப்பதம். ஃபாலசிக்கு, அதாவது பிழையான வாதத்துக்கு உரிய முகாலதா என்ற சொல்லில் ஏமாற்றத்தின் சாயல் இருப்பதால், அதற்கு வரையறையே தேவைப்படவில்லை.

கியாஸ் என்ற சொல்லில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். பேச்சு உருதுவில் அது வெறும் ஊகம்; இஸ்லாமியச் சட்டவியலில் ஒப்புமை வழியாகத் தீர்ப்புக் காண்பது; மன்திக்கிலோ, மேலே கண்ட செம்பு உதாரணம்போல இரு கூற்றுகளைக் கொண்டு முடிவைக் கட்டாயமாக்கும் சில்லாஜிசம். ஆகவே அந்தச் சொல்லுக்கு நேராக மட்டும் துறையின் பெயரையும் சேர்த்து எழுதிவைத்தேன்.