நாகையில் ரூம் போடுவதற்கு முன்: நடு ஊர் என்றால் எது?

கும்பகோணத்துக்காரனுக்கு ஊரின் நடு எது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மகாமகக் குளத்திலிருந்து எந்தப் பக்கம் நடந்தாலும் ஊர்தான், எங்கே ரூம் போட்டாலும் கொஞ்ச தூரத்தில் ஒரு காபி கிடைத்துவிடும். அதே கணக்கோடு நாகப்பட்டினத்துக்குக் கிளம்பினால் மாட்டிக்கொள்வீர்கள். நான் மாட்டியிருக்கிறேன்.

சில வருஷம் முன்பு அம்மா, அத்தை, மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று ஒரு பட்டாளமாகக் கிளம்பினோம். ஆப்பில் பார்த்த ஒரு விடுதி (பெயர் வேண்டாம்) தன்னை நகரின் மையத்தில் இருப்பதாகவும், ஜன்னலைத் திறந்தால் கடல் என்றும் சொல்லிக்கொண்டது. போய்ச் சேர்ந்தபோது ராத்திரி ஒன்பதரை. காலையில் ஜன்னலைத் திறந்து பார்த்தால், பக்கத்து மொட்டைமாடியில் இரண்டு கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள், அந்த இரண்டுக்கும் நடுவே கையகலத்துக்குக் கடல். அதைக்கூட மன்னித்துவிடலாம். வந்த இரவில் சாப்பாட்டுக்கு அந்தத் தெருவில் ஒரு பெட்டிக்கடைகூடத் திறந்திருக்கவில்லை, ஆட்டோ பிடித்துப் போய் பரோட்டா கட்டி வாங்கி வருவதற்குள் சின்னவன் தூங்கிவிட்டான். "கடலப் பாத்தே வயித்த ரொப்பிக்கலாம்னு இங்க போட்டியாடா?" என்று அத்தை கேட்டது இன்றைக்கும் குடும்பத்தில் ஓடுகிறது.

அதற்கப்புறம் நாலைந்து தடவை போய்விட்டேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் எதற்காகப் போகிறீர்கள் என்று வீட்டிலேயே பேசி முடித்துவிடுங்கள். டெல்டாவில் பாதிக் குடும்பங்களுக்கு நாகைப் பயணம் என்றால் நாகூர் தர்கா, வேளாங்கண்ணி, சிக்கல் சிங்காரவேலர் மூன்றும் சேர்ந்துதான், சாமியில் பேதம் பார்க்கிற வழக்கம் நம் பக்கம் குறைவு. நாகையிலிருந்து வடக்கே நாகூர் ஐந்தாறு கிலோமீட்டர், மேற்கே சிக்கல் ஏறக்குறைய அதே தூரம், தெற்கே வேளாங்கண்ணி பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். மூன்றுக்கும் போகிறவர்கள் நாகையில் தங்குவதுதான் லாபம், எந்தப் பக்கமும் டவுன் பஸ் இருக்கிறது. வேளாங்கண்ணி ஒன்று மட்டும்தான் என்றால் எதற்கு நாகையில் ரூம்? அங்கேயே போட்டுவிடுங்கள், கோயிலைச் சுற்றி லாட்ஜுக்குப் பஞ்சமில்லை, விடிகாலைப் பூசைக்கு நடந்தே போகலாம்.

சரி, நாகைதான் என்று முடிவாகிவிட்டது. கடலோர ஊரில் ஒரு பக்கம் முழுக்கத் தண்ணீர், அதனால் கடைகளும் பஸ்களும் ஜன நடமாட்டமும் கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளித்தான் இருக்கும். நாகையில் அது காயாரோகணர் கோயிலைச் சுற்றியுள்ள நீலா வீதிகள், கடைத்தெரு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம், அப்புறம் வெளிப்பாளையம் பப்ளிக் ஆபீஸ் ரோடு. இந்த வட்டத்துக்குள் கிடைத்தால் யோசிக்காமல் போடுங்கள். கடற்கரைக்கு நீங்கள் போகப்போவது சாயங்காலம் ஒரு மணி நேரம், சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் ஒரு நாளைக்கு நாலு தடவை படியிறங்க வேண்டும். எதற்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆப்பில் தேடும்போது ஒரு சிக்கல் உண்டு. நாகூரும் நாகை நகராட்சிக்குள்தான் வருகிறது, ஆகவே விலாசத்தில் நாகப்பட்டினம் என்று இருப்பது நாகூர்க் கோடியிலும் இருக்கலாம். மாவட்டத்தின் பெயரும் அதேதான் என்பதால் வேளாங்கண்ணி லாட்ஜுகளும் அந்தப் பட்டியலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். மேப்பில் குத்தியிருக்கும் புள்ளியை மட்டும் நம்பாமல் விலாசத்தில் தெருப் பெயரைப் படியுங்கள். 'பஸ் ஸ்டாண்டு அருகில்' என்று போட்டிருந்தால் பழையதா புதியதா என்று கேளுங்கள், ஊரில் இரண்டு உண்டு.

இதற்கெல்லாம் மேலே ஒரு போன். ஆப்பில் பணம் கட்டுவதற்கு முன்னால் கவுண்டருக்கே கூப்பிட்டுப் பேசுங்கள். போன தடவை நான் பேசியது இப்படித்தான்:

"அண்ணே, ஒங்க வாசல்ல நின்னா எதுத்தாப்ல என்ன தெரியும்?"

"எதுத்தாப்ல மருந்துக்கட. பக்கத்துல டீக்கட. நாலு கட தாண்டுனா மெஸ்ஸு."

"ராத்திரி பத்து மணிக்கு இட்லி கெடைக்குமா?"

"பத்தா? ஒம்பதரைக்குள்ள வந்துருங்க தம்பி."

கேள்வி அவ்வளவுதான். 'எல்லாம் பக்கம்தான் சார், ரெண்டே நிமிஷம்' என்கிறவரைவிட ஒன்பதரை என்று சொன்ன மனிதரிடம் ரூம் போடலாம். போட்டேன், மெஸ்ஸும் இருந்தது, இட்லியும் இருந்தது. மீன் குழம்பு வேண்டும் என்கிறவர்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த 61 நாளில் மீன் வரத்து குறைவு, விலை அதிகம்.

அதே போனில் இன்னும் இரண்டு கேட்டுவிடுங்கள். ஒன்று, ரூம் கணக்கு 24 மணி நேரமா, மதியம் 12 மணியா. சென்னையிலிருந்து காரைக்கால் எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் நாகையில் விடிவதற்கு முன்பே இறங்கிவிடுவீர்கள், பன்னிரண்டு மணிக் கணக்கு உள்ள இடத்தில் அந்த விடிகாலை நேரத்துக்கே ஒரு நாள் வாடகை கேட்பார்கள். இன்னொன்று தண்ணீர். குளிக்க வருவது கொள்ளிடம் தண்ணியா, போர் தண்ணியா? கடலோரப் போர் தண்ணீர் உப்பு. சோப்பைத் தேய்த்தால் நுரைக்காது, தயிர் திரிந்த மாதிரி வெள்ளை வெள்ளையாகத் தோலில் ஒட்டும், தலைக்குக் குளித்தால் முடி தேங்காய் நார்தான். கல்யாணத்துக்கு வந்து தங்குகிறவர்கள் இதை நிச்சயம் கேட்க வேண்டும்.

எப்போது போகிறீர்கள் என்பதும் இடத்தை மாற்றிவிடும். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. காவி உடுத்து நடந்து வருகிற கூட்டம் நாகை வழியாகத்தான் போகும், மெயின் ரோட்டை ஒட்டிய ரூமில் தூக்கம் கிடைக்காது, வாடகையும் ஏறிக்கிடக்கும். நாகூர் தர்காவின் கந்தூரி விழா ஹிஜ்ரி (இஸ்லாமிய ஆண்டு) கணக்கில் வருவதால் வருஷா வருஷம் பத்துப் பதினோரு நாள் முன்னே நகரும், தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் சந்தனக்கூடு கிளம்புவதே நாகையிலிருந்துதான். அன்றைக்கு நாகூர் ரோட்டில் வண்டி நகராது, ஆனால் ஊர்வலம் பார்க்க வருகிறவர்களுக்கு அந்த ரோட்டோர மாடி ரூம்தான் முதல் வரிசை. ஐப்பசியில் சூரசம்ஹாரத்துக்கு முதல் நாள் சிக்கலில் வேல் வாங்கும் விழா, அப்போதும் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள்.

ஐப்பசி கார்த்திகையில் போனால் ஜெனரேட்டர் இருக்கிறதா என்று கேளுங்கள், தரைத்தளத்தில் ரூம் வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் கரையேறியது இந்தக் கடற்கரையில்தான், கரண்ட் இல்லாமல் நாள்கணக்கில் கிடந்த ஊர்கள் இவை.

இலங்கைக் கப்பலுக்குப் போகிறவர்கள் கதை வேறு. நாகை காங்கேசன்துறைக் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, சில நாளிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி கிளம்பியது. மழைக்காலத்தில் கடலைப் பொறுத்து நிறுத்திவிடுவார்கள். கப்பல் ஓடுகிறதா என்று உறுதி செய்த பிறகு, முந்தின ராத்திரிக்குத் துறைமுகத்துக்கும் ரயிலடிக்கும் பக்கமாக ரூம் பாருங்கள். அங்கே ராத்திரிச் சாப்பாடு சுமார்தான், கடைத்தெருவில் சாப்பிட்டுவிட்டே ரூமுக்குப் போய்விடுங்கள்.

போய்ச் சேர்ந்ததும் சாவியை வாங்கிப் பையை ஏற்றிவிடாதீர்கள். ஒருத்தரை மட்டும் மேலே அனுப்பிப் பாருங்கள். ஏசியைப் போட்டு ஐந்து நிமிஷம் நிற்க வேண்டும், உப்புக்காற்றில் இரும்பெல்லாம் துருவேறுகிற ஊர் அது, சில ஏசிகள் சத்தம் மட்டும்தான் போடும். ஜன்னல் கொக்கி போடுகிறதா, குழாய் திறக்கிறதா, அவ்வளவு போதும். முன்பணமாக ஒரு நாள் வாடகைக்கு மேல் ஜிபேயில் அனுப்பாதீர்கள், மீதியை ரூமைப் பார்த்த பிறகு கவுண்டரில் கொடுத்து பில் வாங்கிக்கொள்ளுங்கள்.