கூர்ப்புப் பாடத்துக்குக் கோட்டை மான் உதவாது

திருகோணமலையில் கூர்ப்பு, அதாவது உயிரினங்களின் பரிணாமம், படிப்பிக்கும் ஆசிரியர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது பிரெட்றிக் கோட்டைப் புள்ளிமான்கள்தான். ஆளைக் கண்டு ஓடாமல் நிற்கும் அந்த மான்களைச் சொல்லி, "பாருங்கள், சூழலுக்கு எப்படி இசைவாகிவிட்டன" என்று விளக்கிவிடுகிறோம். தயவுசெய்து இதைத் தவிருங்கள். அந்த மான் மனிதருக்குப் பழகியிருக்கிறது, அவ்வளவுதான். தன் ஆயுளில் அது பழகிக்கொண்டது பரம்பரையலகு (ஜீன்) வழியாகக் குட்டிக்குப் போகாது. கூர்ப்பு நடப்பது தனி உயிரில் அல்ல, ஓரிடத்தில் வாழும் ஓரினக் கூட்டமான குடித்தொகையில், தலைமுறை தலைமுறையாக. இந்த இடத்தில் பிள்ளை தடுமாறினால் மிச்சப் பாடம் முழுவதும் கோணலாகத்தான் ஏறும்.

"தேவைப்பட்டதால் மாறியது" என்பதும் இதே தவறுதான். நுளம்பை எடுங்கள். இலங்கையில் மலேரியாவுக்கு எதிராக 1940களில் டி.டி.ரி. என்ற பூச்சிகொல்லியைத் தெளிக்கத் தொடங்கினார்கள், 1963இல் பதிவான நோயாளர் வெறும் 17 பேர். பின்னர் அதற்கு மசியாத நுளம்புகள் பெருகி, 1970களில் மலத்தியன் என்ற வேறொரு பூச்சிகொல்லிக்கு மாற வேண்டியதாயிற்று. மருந்து பட்டதால் எந்த நுளம்பும் தன்னை மாற்றிக்கொள்ளவில்லை. தற்செயலான விகாரத்தால், அதாவது பரம்பரையலகில் நேர்ந்த மாற்றத்தால், தாங்கும் திறன் வாய்த்த சில தப்பின, முட்டையிட்டன, மற்றவை செத்தன.

வாயால் சொன்னால் இது பதியாது. கறுப்புத் துணியில் தோலுள்ள உளுந்தும் பச்சையரிசியும் 50 மணிப்படி கலந்து தூவுங்கள். நாலு பிள்ளைகள் பத்து விநாடி நேரம், ஒரு தடவைக்கு ஒரு மணியாகப் பொறுக்கட்டும். மிஞ்சிய ஒவ்வொரு மணிக்கும் அதே வகையில் இன்னொன்றைச் சேருங்கள். மூன்று, நாலு சுற்றில் உளுந்தின் பங்கு ஏறுவது அவர்கள் எழுதும் அட்டவணையிலேயே தெரியும். ஒரு அரிசியாவது கறுத்ததா என்று அப்போது கேளுங்கள். அப்புறம் வெள்ளைத் துணியை விரித்துத் திரும்பச் செய்யுங்கள். இப்போது அரிசி தப்பும். "தக்கது பிழைக்கும்" என்பதில் தக்கது என்றால் பலசாலி என்ற எண்ணமும் அதோடு போய்விடும்.

குரங்கு படிப்படியாக நிமிர்ந்து மனிதனாகும் படத்தை வகுப்பில் ஒட்டாதீர்கள். சிம்பன்சியும் நாமும் ஏறத்தாழ 60–70 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒரு பொது மூதாதையரிலிருந்து பிரிந்த கிளைகள். மரமாக வரையுங்கள்.

கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் தேவாலயத்துக்கும் போகும் பிள்ளைகள் ஒரே வாங்கில் இருக்கும் ஊர் இது. "அப்ப கடவுள் படைக்கேல்லையா, சேர்?" என்று யாராவது கேட்பார்கள். அதட்டவும் வேண்டாம், நழுவவும் வேண்டாம். இந்தப் பாடம் யாருடைய நம்பிக்கையையும் எடைபோடவில்லை, சான்றுகளைத்தான் பார்க்கிறது என்று மரியாதையாகச் சொல்லுங்கள். சரி, சான்று எங்கே? நம் கடலுக்கு வரும் நீலத்திமிங்கிலத்துக்குப் பின்னங்கால் இல்லை, ஆனால் உடலுக்குள் சிறிய இடுப்பெலும்பு இருக்கிறது. அது ஏன் என்று கேட்டுவிட்டுப் பொறுத்திருங்கள். நாலுகால் மூதாதையரின் மிச்சம் என்ற பதிலை அவர்களே சொல்லட்டும்.