சுற்றுச்சூழல் சட்ட கிளினிக்கில் ஃபெல்லோ: முதல் ஆண்டில் கையைச் சுடும் தவறுகள்

அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளின் சுற்றுச்சூழல் கிளினிக்குகளில், அதாவது மாணவர்கள் நிஜ வழக்குகளில் பழகும் சட்ட உதவி மையங்களில், ஃபெல்லோவாகச் (குறிப்பிட்ட காலத்துக்கு வரும் பயிற்றுநர் வக்கீலாகச்) சேருபவர் பெரும்பாலும் படிப்பை முடித்துச் சில ஆண்டுகளே ஆன வக்கீல். பேராசிரியருக்கும் மாணவர்களுக்கும் நடுவே நின்று நிஜ வழக்கை நடத்த வேண்டும், அதையே பாடமாகவும் சொல்லித்தர வேண்டும். சட்டம் தெரியாமல் சறுக்குபவர்கள் குறைவு. காலண்டரில் சறுக்குபவர்களே அதிகம்.

சுத்த நீர்ச் சட்டப்படி ஓர் ஆலை மீது குடிமக்கள் வழக்குப் போட 60 நாள் முன்னதாக நோட்டீஸ் தர வேண்டும். ஆலைக்கு மட்டும் அனுப்பிவிட்டு ஓய்வது முதல் தவறு. ஆலையின் உரிமையாளர் அல்லது பொறுப்பு மேலாளர், அது கம்பெனி என்றால் மாநிலத்தில் பதிவான அதன் முகவர், ஈ.பி.ஏ. (மத்திய அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு) தலைமை நிர்வாகி, அதன் வட்டார நிர்வாகி, மாநில நீர் மாசுத் துறைத் தலைவர் என எல்லாருக்கும் போக வேண்டும். ஓரெகனில் குப்பைக் கிடங்கை ஒட்டிப் பால் பண்ணை வைத்திருந்த ஹால்ஸ்ட்ரம் குடும்பம், இதே போன்ற நோட்டீஸ் விதியுள்ள கழிவுச் சட்டத்தின் கீழ் 1982-ல் வழக்குப் போட்டது. கிடங்கை நடத்திய கவுண்டிக்கு (மாவட்ட உள்ளாட்சிக்கு) நோட்டீஸ் போனது, மாநிலத்துக்கும் ஈ.பி.ஏ.வுக்கும் போகவில்லை. கவுண்டி சட்டத்தை மீறியது என்று விசாரணை நீதிமன்றம் சொன்ன பிறகும், 1989-ல் உச்ச நீதிமன்றம் அந்த ஒரே குறைக்காக வழக்கு தள்ளுபடியாக வேண்டும் என்றது.

கடிதத்தில் ‘கடந்த ஆண்டு பலமுறை மீறல்’ என்று எழுதினால் எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும். உதாரணமாக, ‘வெளியேற்றுக் குழாய் 002, அம்மோனியா, தினசரி உச்ச வரம்பு லிட்டருக்கு 4 மி.கி., ஆலை அறிக்கையில் 9.1, மார்ச் 14’ என்று ஒவ்வொரு மீறலுக்கும் ஒரு வரி வேண்டும். இந்த எண்கள் ஆலைகளின் மாசு விவரங்களை வெளியிடும் ஈ.பி.ஏ.வின் எக்கோ (ECHO) தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஒரு மாணவர் எடுத்து எழுத, இன்னொருவர் ஆலை கையெழுத்திட்ட மூல அறிக்கையோடு ஒத்துப்பார்க்கட்டும். கடைசி சில மாதங்களையும் விடாமல் பாருங்கள். முழுக்க முடிந்துபோன மீறலுக்கு வழக்குப் போட முடியாது என்பது உச்ச நீதிமன்றத்தின் 1987 க்வால்ட்னி தீர்ப்பு.

அடுத்தது செமஸ்டர். மார்ச் கடைசியில் நோட்டீஸ் அனுப்பினால் 60 நாள் முடிவது மே கடைசியில். அதற்குள் மாணவர்கள் ஊருக்குப் போயிருப்பார்கள், மனுவை ஃபெல்லோ தனியாகத் தட்டச்சு செய்துகொண்டிருப்பார். செப்டம்பர் முதல் வாரம் அனுப்பினால் நவம்பர் தொடக்கத்திலேயே, மாணவர்கள் இருக்கும்போதே, வழக்குப் போடலாம். இடைப்பட்ட நாட்களில் மாநிலமே வழக்குப் போட்டு முனைப்பாக நடத்தினால் நம் வழி அடைபட்டுவிடும். அதனால் கடிதம் கிளம்பும்போதே மனு வரைவும் பிரமாணப் பத்திரங்களும் தயாராக இருக்க வேண்டும்.

மாசால் தமக்கே பாதிப்பு உண்டு என்று கட்சிக்காரர்கள் காட்ட வேண்டிய அந்தப் பத்திரங்களில் ‘ஆற்றை நேசிக்கிறேன்’ என்ற வரிக்கு மதிப்பே கிடையாது. 2000-ல் உச்ச நீதிமன்றத்தின் லெய்ட்லா வழக்கில் எடுபட்டது என்ன தெரியுமா? ஆலையிலிருந்து அரை மைல் தூரத்தில் வசிக்கிறேன், ஆற்றில் மீன் பிடிக்க ஆசை, கழிவு கலப்பதை நினைத்து இறங்குவதில்லை என்ற சாதாரண வாக்குமூலம். தூரம், கடைசியாக எப்போது போனார், எதை நிறுத்திக்கொண்டார் என்று கேட்க மாணவர்களைப் பழக்குங்கள்.

மாணவர் வரைவு சரியில்லை என்று இரவோடு இரவாகத் தானே திருத்தி எழுதுவது எல்லா ஃபெல்லோக்களுக்கும் வரும் சபலம். வேலை முடியும், பாடம் நடக்காது. அடுத்த வரைவும் அப்படியேதான் வரும். தாக்கல் தேதிக்குப் பத்து நாள் முன்னதாக உள்கெடு வைத்து, ஓரத்தில் கேள்வியாகவே குறிப்பெழுதி, இரண்டு முறை திருப்பிக் கொடுங்கள்.

கிளினிக்கின் பழைய வாதுரைகளை வெட்டி ஒட்டும்போதும் கவனம் தேவை. சட்டம் தெளிவில்லாத இடத்தில் அரசுத் துறையின் நியாயமான விளக்கத்தை நீதிமன்றங்கள் ஏற்க வேண்டும் என்ற செவ்ரான் கோட்பாட்டை, 2024 ஜூனில் உச்ச நீதிமன்றத்தின் லோப்பர் பிரைட் தீர்ப்பு முடித்துவைத்துவிட்டது. மாணவர்கள் ஆஜராவதற்கான விதியும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். லூசியானா உச்ச நீதிமன்றம், டுலேன் பல்கலைக்கழகத்தின் கிளினிக் ஷின்டெக் நிறுவனத்தின் ஆலையை எதிர்த்ததை ஒட்டி 1998-ல் அந்த விதியை இறுக்கியது. உங்கள் சொந்த உரிமம் வேறு மாநிலத்தது என்றால் சேரும் முன்பே கேட்டுத் தெளியுங்கள்.

இந்தியாவிலிருந்து போய் எல்.எல்.எம். முடித்தவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். மாணவர் விசாவில், படிப்பு முடிந்த பிறகு கிடைக்கும் பணி அனுமதி 12 மாதம். ஃபெல்லோஷிப்போ பெரும்பாலும் இரண்டு ஆண்டு. இரண்டாம் ஆண்டு விசாவுக்குப் பல்கலைக்கழகம் விண்ணப்பிக்குமா என்பதை நேர்காணலிலேயே கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

விடைபெறும்போது எழுதும் ஒப்படைப்புக் குறிப்பில் வாய்தாவும் காலவரம்பும் எப்படியும் வந்துவிடும். விடுபடுவது, கட்சிக்காரரிடம் போனில் வாய்மொழியாகச் சொன்ன வாக்குறுதிகள்.