புதுப்பிப்புக் கட்டணத்தை முதலில் பாருங்கள்

இணையதளத்துக்கு டொமைன் (அதாவது தளத்தின் முகவரிப் பெயர்) வாங்கும்போது கொட்டை எழுத்தில் மின்னும் முதல் ஆண்டு விலையை விட்டுவிட்டு, பொடி எழுத்தில் இருக்கும் புதுப்பிப்புக் கட்டணத்தைத் தேடிப் படியுங்கள். அடுத்த ஆண்டு முதல் கட்டப்போவது அதைத்தான். தளத்தின் கோப்புகளை வைக்க இடம் தரும் ஹோஸ்டிங்கிலும் இதே கதை: மலிவான மாதக் கட்டணம் பெரும்பாலும் சில ஆண்டுப் பணத்தை மொத்தமாகக் கட்டுபவர்களுக்கே.

தளத்துக்கும் பார்வையாளருக்கும் இடையே போகும் தகவலைப் பிறர் படிக்காதபடி குறியாக்கம் செய்ய உதவும் எஸ்எஸ்எல் சான்றிதழுக்குத் தனியே பணம் கேட்டால் தயங்குங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற சேவை 2015 முதல் இலவசமாகவே வழங்குகிறது. குறியாக்க வலிமையில் கட்டணச் சான்றிதழுக்கு எந்த வகையிலும் இளைத்ததல்ல. ஆயுள்தான் குறைவு. தானாகப் புதுப்பிக்கும் வசதி ஹோஸ்டிங்கில் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

டொமைனை ஓரிடத்திலும் ஹோஸ்டிங்கை வேறிடத்திலும் வைப்பதே என் வழக்கம். ஹோஸ்டிங் சேவை பிடிக்காவிட்டால், கோப்புகளைப் புதிய இடத்தில் ஏற்றி, டொமைன் எந்த ஹோஸ்டிங்கைக் காட்ட வேண்டும் என்று சொல்லும் நேம்சர்வர் முகவரியை மாற்றினால் போதும்.