ஃப்ளோ மீட்டர் சரியாகக் காட்டுகிறதா? கழற்றாமலேயே பார்க்கும் வழி

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் கம்பெனியில் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்தால் இந்தப் பஞ்சாயத்து எப்படியும் உங்களிடம் வரும்: நாம் அனுப்பிய கழிவுநீர் ஒரு கணக்கு, பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் மீட்டர் காட்டுவது வேறு கணக்கு. நம் மீட்டர் சரிதானா என்று முதலில் பார்த்துவிடுவோம். பைப்பில் ஓடும் நீரைக் காந்தப் புலத்தின் உதவியால் அளக்கும் மின்காந்த ஃப்ளோ மீட்டரை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் பைப்பைப் பாருங்கள். நீர் பைப் நிறைய ஓட வேண்டும். பாதி ஓடினால் மீட்டர் சொல்வது எதையும் நம்ப முடியாது. மீட்டருக்கு முன்னால் பைப் விட்டத்தைப்போல 5 மடங்காவது வளைவோ வால்வோ இல்லாத நேர் பைப் இருப்பது நல்லது. எர்த் ஒயர் இருக்கிறதா? எலக்ட்ரோடில் (மீட்டருக்குள் நீரைத் தொடும் உலோக முனை) சுண்ணாம்பும் கொழுப்பும் படிந்திருந்தால் துடைத்த பிறகே மற்ற வேலை.

அடுத்து பூஜ்யம். வால்வை மூடி, பைப்பில் நீர் அசையாமல் நிற்கும்போது மீட்டர் 0 காட்ட வேண்டும். காலிப் பைப்பில் இதைச் செய்யாதீர்கள். வால்வு கசிந்தாலும் இந்தச் சோதனை வீண்.

இப்போது, பம்ப் கழிவுநீரை எடுத்து மீட்டர் வழியாக அனுப்பும் டேங்க். உள்ளே வரும் நீரை அடைத்துவிட்டு, பம்ப் நின்றிருக்கும்போது மட்டத்தையும் மீட்டரின் மொத்தக் கணக்கையும் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கமான வேகத்தில் ஓட்டி நிறுத்துங்கள். டேங்கின் உட்பக்கம் 2 மீட்டருக்கு 1.5 மீட்டர், மட்டம் 40 செ.மீ. இறங்கியது என்றால் வெளியேறியது 1.2 கன மீட்டர். மீட்டர் 1.236 என்றால் 3 சதவீதம் கூட்டிக் காட்டுகிறது.

அவசரப்படாதீர்கள், டேங்கையும் சந்தேகப்பட வேண்டும். நான்கு சுவரிலும் 1 செ.மீ. படிவு இருந்தால் உள்ளளவு 1.98க்கு 1.48 ஆகிவிடும். வெளியேறியது சுமார் 1.172 கன மீட்டர்தான். அப்போது பிழை 3 அல்ல, ஏறக்குறைய 5.5 சதவீதம். டேப்பும் அப்படித்தான். முதல் மட்டத்தில் 1 மி.மீ., கடைசி மட்டத்தில் 1 மி.மீ. தவறினால் 40 செ.மீ. இறக்கத்தில் 0.5 சதவீதம், 10 செ.மீ. இறக்கத்தில் 2 சதவீதம். எவ்வளவு அதிகம் இறக்க முடியுமோ இறக்குங்கள். அளப்பது மேலே நின்றுதான். கழிவுநீர் டேங்கில் சேரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற விஷவாயு ஆளையே கொல்லும்; ஒரு நிமிட வேலைதானே என்று யாரையும் உள்ளே இறக்கிவிடாதீர்கள்.

இதையே மூன்று முறை செய்யுங்கள், வேகத்தை மாற்றியும் பாருங்கள். விடைகள் ஒன்றுக்கொன்று ஒட்டி வந்தால் மட்டுமே திருத்தலாம். சிதறினால் காற்று, கசிவு, எர்த் என்று மறுபடி தேடுங்கள்.

திருத்தம் சுலபம்: உண்மை அளவை மீட்டர் அளவால் வகுங்கள். 1.2 ÷ 1.236 = 0.971. மீட்டரில் இருக்கும் திருத்தக் காரணியை இதால் பெருக்கிப் பதியுங்கள். பழைய எண்ணை நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் இன்னொரு முறை டேங்கை இறக்கிப் பாருங்கள்.

கட்டணக் கணக்குக்கான, சீல் வைத்த மீட்டர் என்றால் கையே வைக்கக் கூடாது. உங்கள் சோதனைக் கணக்கைக் காட்டி, என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். ஃப்ளோ மீட்டர் சோதனைக்கென்றே பாலக்காட்டில் எஃப்சிஆர்ஐ (ஃப்ளூயிட் கன்ட்ரோல் ரிசர்ச் இன்ஸ்டிட்யூட்) இருக்கிறது.